முத்திரை இல்லாத தாள்

பிப்ரவரி 7, வெள்ளி

பலகையைச் சுத்தம் செய்தேன். ஏழு தாள் கழன்றது. வாடகைக்கு அறை மூன்று, காணாமல் போன குடை இரண்டு, கிட்டார் சொல்லித் தருகிறோம் ஒன்று, அப்புறம் துறைத் தலைவர் ஒட்டியிருந்த அவருடைய பறவைப் படக் கண்காட்சி ஒன்று.

தலைவர் முகம் சுண்டிப் போயிற்று.

"என்னம்மா, என்னோடதையுமா எடுத்துட்டீங்க?"

"முத்திரை இல்லாத தாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும்தான்னு சட்டம் போட்டது யாரு சார்?"

"நான்தான்."

"அப்ப அந்த ஆளைப் போய்க் கேளுங்க."

சிரித்துக்கொண்டே போய்விட்டார். நல்ல மனுஷன். படம்தான் சுமார்.

ஒட்டுகிற தாளெல்லாம் இங்கிலீஷ். எனக்கு எழுத்துக் கூட்டக்கூட வராது. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. ஆனால் ஊதா முத்திரை இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இரண்டு கண் போதும். இருபத்திரண்டு வருஷமாக இந்தக் கட்டடத்தில் கூட்டி, துடைத்து, டீ கொடுத்து வருகிறேன். பலகை மட்டும் என் ராஜ்யம்.

கழற்றியதில் பின்பக்கம் வெள்ளையாக இருப்பதை வீட்டுக்கு எடுத்து வந்து பெரிய கிளிப்பில் மாட்டி வைத்துக்கொள்கிறேன். அதில்தான் இதை எழுதுவது. இன்றைய பக்கம், குடையைத் தொலைத்தவரின் முதுகு.

பிப்ரவரி 10, திங்கள்

எனக்கு எழுதுகிற வியாதியைக் கொடுத்தவர் எறும்பு டாக்டர். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, படித்துப் பட்டம் வாங்கின டாக்டரம்மா. வேறு நாட்டிலிருந்து வந்து நாலே முக்கால் வருஷம் ஆகிறது. மூன்றாவது மாடிக் கடைசி அறையில் கண்ணாடிப் பெட்டிகளில் எறும்பு வளர்க்கிறார். சனிக்கிழமை அரை நாள் நான்தான் அவற்றுக்குச் சீனித் தண்ணீர் வைப்பேன். என் வீட்டு அடுப்படியில் எறும்பு வந்தால் மருந்துக் கோடு போட்டுக் கொல்லுகிறவள் நான். இங்கே பஞ்சில் நனைத்து ஊட்டி விடுகிறேன்.

முதல் சனிக்கிழமை சொன்னார்: "அக்கா, என்ன பாத்தீங்களோ அதை அன்னைக்கே எழுதிடுங்க. மறுநாள் எழுதினா அது கதையாயிடும்."

எறும்பை எழுத ஆரம்பித்தேன். பிறகு வீட்டுக்காரர், தலைவர், ஆபீஸ் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள். எறும்பு ஓரமாகப் போய்விட்டது.

இன்று அவர் கதவில் பெயர்த் தாள் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்று ஒட்டினேன், நாலு மூலைக்கும் டேப். மற்றவர்கள் கதவில் பித்தளைத் தகடு, இவருக்கு மட்டும் தாள்.

"எனக்கு எப்பக்கா தகடு?"

"தற்காலிக ஆளுக்குத் தாள்தான். நிரந்தரமா வாங்க, நானே ஸ்குரூ முடுக்கறேன்."

பிப்ரவரி 15, சனி

மூன்றாம் பெட்டியில் ராணி வாசல் பக்கம் வந்து எட்டிப் பார்த்தது. என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிற்று. என் நாத்தனாரும் இப்படித்தான்.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று விசா பாடம் படித்தேன். டீ அறையில் மூன்று கப்பைக் கவிழ்த்து வைத்து எறும்பு டாக்டர் விளக்கினார்.

முதல் கப், அவர் இப்போது இருக்கிற விசா. விருந்தாளி ஆராய்ச்சியாளர் விசா. வந்து வேலை செய்யலாம், ஆனால் இத்தனை வருஷம்தான் என்று வந்த அன்றே கணக்கு. மார்ச் 31-ஆம் தேதி முடிகிறது. நீட்டவே முடியாது.

இரண்டாவது கப், வேலை விசா. இந்த ஆள் எங்களுக்கு வேண்டும் என்று பல்கலைக்கழகமே விண்ணப்பம் போட வேண்டும். கம்பெனிக்காரர்கள் போட்டால் குலுக்கலில் பெயர் விழவேண்டுமாம். பல்கலைக்கழகத்துக்குக் குலுக்கல் கிடையாது, எப்போது வேண்டுமானாலும் போடலாம். விண்ணப்பம் மட்டும் 31-க்குள் போய்ச் சேர்ந்துவிட்டால், பதில் வரும்வரை இங்கேயே இருந்து வேலை பார்க்கலாம். சேராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

மூன்றாவது கப், மேதை விசா. யாரும் விண்ணப்பம் போடத் தேவையில்லை, தானே போட்டுக்கொள்ளலாம். ஆனால் உலகமே தன்னைப் புகழ்கிறது என்று காட்ட வேண்டும். பரிசு, பத்திரிகைச் செய்தி, பெரிய பெரிய ஆட்களின் கடிதம்.

"எறும்பைத் தவிர என்னை யாருக்குக்கா தெரியும்?"

நான் நாலாவதாக ஒரு கப்பைக் கவிழ்த்தேன். "கல்யாண விசா. என் கொழுந்தன் ஒருத்தன் சும்மாதான் இருக்கான்."

"நல்லவரா?"

"எங்க வீட்ல தங்கறதுக்கே அவனுக்கு விசா கிடையாது. மாசாமாசம் நான் நீட்டிச்சுக் குடுக்கறேன்."

டீ மூக்கில் ஏறுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு கப்புகளை நிமிர்த்தும்போது மெதுவாகச் சொன்னார்: "நான் போனா பெட்டியை எடுத்துட்டுப் போக முடியாதுக்கா. உயிருள்ள எறும்பை எல்லை தாண்ட விடமாட்டாங்க. இதுங்களோட நாலு வருஷம், ஒரு நாள் விடாம எழுதி வச்சிருக்கேன். இன்னும் ரெண்டு வருஷம் எழுதினாத்தான் அது ஆராய்ச்சி. இல்லேன்னா வெறும் நோட்டு."

பிப்ரவரி 21, வெள்ளி

பலகை: ஒன்பது தாள். கிட்டார்க்காரன் மறுபடியும் ஒட்டியிருக்கிறான். கழற்றினேன்.

வெளிநாட்டார் பிரிவிலிருந்து விசா சார் வந்து எறும்பு டாக்டரோடு உட்கார்ந்து பேசினார். மேதை விசாவுக்குக் கடிதம் சேர்க்கவே ஆறு மாதம் ஆகுமாம். வேலை விசாதான் என்று முடிவு. தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"நானும் ஒரு கடிதம் தரவா? இவங்க வந்ததுலேர்ந்து கட்டடத்துல வேற எறும்பே இல்லைன்னு?" என்றேன். விசா சார் சிரிக்கவில்லை. அவருக்குச் சிரிப்பு மேலிடத்து அனுமதியோடு வரும் போல.

பிப்ரவரி 26, புதன்

வீட்டுக்காரர் இதை எடுத்துப் படித்திருக்கிறார். "என்னைப் பத்தி நல்லதா ஒரு வரிகூட இல்லியே?"

"பாத்ததைத்தான் எழுதணும்னு டாக்டரம்மா சொல்லிருக்காங்க. நல்லது பண்ணுங்க, எழுதறேன்."

மார்ச் 5, புதன்

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். லீவு. நாளைக்கும் லீவு. பேச முடியவில்லை. வீட்டுக்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

மார்ச் 7, வெள்ளி

கன்னம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. பலகையில் முத்திரை இல்லாதவை ஐந்து. அதில் ஒன்று நல்ல தடித்த தாள், வழவழவென்று, பேனா வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இன்றைக்கு அதில்தான் எழுதுகிறேன். இப்படித் தாளாகக் கிடைத்தால் நானும் மேதைதான்.

மத்தியானம் கான்டீனில் விசா சாரைப் பார்த்தேன். என்ன கழுத்து! கொக்கு மீனைப் பார்க்கிற மாதிரி ஒவ்வொரு மேஜையாக எட்டிப் பார்த்துத் தனியாக ஒரு இடம் கண்டுபிடித்து உட்கார்ந்தார். சாப்பிடும்போதும் பக்கத்தில் ஒரு ஃபைல். வீட்டில் பிள்ளைகளுக்கும் ஃபைல் நம்பர் போட்டிருப்பாரோ?

மார்ச் 12, புதன்

எறும்பு டாக்டர் பாட்டுப் பாடிக்கொண்டு மாடி ஏறினார். குரல் கர்ணகடூரம். ஆனாலும் சந்தோஷம். விண்ணப்பம் தயாராம். பத்து வேலை நாள் காத்திருக்க வேண்டும் என்று ஒரு விதியாம், அது 18-ஆம் தேதி முடிந்ததும் மறுநாளே அனுப்பிவிடுவார்களாம்.

"ஸ்குரூ ரெடியாக்கா?"

"தகடு வரட்டும். ஸ்குரூ டிரைவரோட பொறந்தவ நான்."

மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்கே எழுதித்தான் ஆக வேண்டும்.

கொழுந்தனுக்கு ஒருவழியாக வேலை கிடைத்திருக்கிறது, தனி அறை பார்க்கிறான். "உன் நோட்டுல பூரா வாடகை விளம்பரம்தானே, நம்பர் எடுக்கறேன்" என்று வீட்டுக்காரர் கிளிப்பைக் கழற்றி ஒவ்வொரு தாளாகத் திருப்பினார். பஸ் ஓட்டுகிறவர், ஊர்ப் பலகை படித்துப் படித்து இங்கிலீஷ் தட்டுத் தடுமாறி வரும். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இந்தாம்மா, இதுல விசான்னு போட்டிருக்கு."

"எதுல?"

"இந்த வழவழ தாள்ல. அஞ்சாம் தேதி ஒட்டினது. பத்து வேலை நாள் எடுக்கக் கூடாதுன்னு கீழ போட்டிருக்கு. எறும்புக்கு என்ன ஸ்பெல்லிங்?"

எனக்கென்ன தெரியும் ஸ்பெல்லிங். ஆனால் தாளில் இருந்த அறை நம்பர் தெரியும். 317. நான் தினமும் துடைக்கிற அறை.

ஐயோ. என்ன பண்ணிட்டேன். என்ன பண்ணித் தொலைச்சிட்டேன். அந்தப் பத்து நாள் இந்தத் தாளுக்குத்தானா? பலகையில இருக்க வேண்டியது என் கிளிப்புல இருக்கு. அதுமேலயே உக்காந்து கழுத்தைக் கிண்டல் பண்ணி எழுதிருக்கேன். பல்லு பிடுங்கின அன்னைக்கு ஒட்டிருக்காங்க, எனக்கு யாரும் சொல்லல. சொல்லலைன்னா? படிக்கத் தெரியலைன்னா யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவையாவது கேட்டிருக்கேனா?

வீட்டுக்காரர் வெங்காயத்தை வாங்கி அவரே நறுக்கினார். நல்லது ஒன்று செய்தார், எழுதிவிட்டேன்.

மார்ச் 17, திங்கள்

ஏழரைக்கே போய்விட்டேன். ஆபீஸில் ஸ்டேப்ளர் மட்டும் இருந்தார். எதையும் பின் அடிக்காமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு நான் வைத்த பெயர். விஷயத்தைச் சொன்னேன். அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை.

"இவ்வளவுதானே? அந்தத் தாளையே மறுபடி குத்தி வைங்க. நாளைக்கு சாயங்காலம் வெளிநாட்டார் பிரிவு சார் வந்து எடுத்துட்டு, பத்து நாள் இருந்துச்சுன்னு கையெழுத்து போட்டுடுவார். யாருக்குத் தெரியப் போகுது?"

தாளையும் குண்டூசியையும் எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றேன். உண்மையைச் சொன்னால் இவ்வளவு சிரமம். குத்தினால் ஒரு நிமிஷ வேலை. தாளைத் திருப்பினேன். என் கையெழுத்து, பெரிய எழுத்தில்: மார்ச் 7, வெள்ளி. அன்றைக்கே எழுதியது.

அப்போதுதான் எறும்பு டாக்டர் உள்ளே வந்தார். "என்னக்கா, கன்னம் வத்திடுச்சா?"

சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "நோட்டீஸை நான் கழட்டிட்டேன். ஏழாம் தேதி. முத்திரை இல்லை, படிக்கத் தெரியல. மூணு நாள்தான் பலகையில இருந்திருக்கு."

கத்துவார் என்று நினைத்தேன். மாடிப்படியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ண ஆரம்பித்தார். மூன்று தடவை எண்ணினார். பிறகு, "வாங்க" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

வெளிநாட்டார் பிரிவில் விசா சார் தாளை வாங்கி முன்பக்கம் பார்த்தார். திருப்பினார். நான் தரையைப் பார்த்தேன். முழுசாகப் படித்தார்.

"கொக்கு?"

"அது... தூரத்துலேர்ந்து பாத்தா அப்படித் தெரிஞ்சது சார்."

"எங்க வீட்ல ஃபைல் நம்பர் இல்லை. ஆளுக்கொரு ஃபைல் நிறம் மட்டும்தான்" என்றார். அவருக்கு வருகிற நகைச்சுவை அது என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

நான் ஸ்டேப்ளரின் யோசனையையும் சொன்னேன், பெயர் சொல்லாமல். தலையை ஆட்டினார். "சம்பளமும் வேலையும் என்னன்னு அங்க இருக்கறவங்க எல்லாரும் பாக்கணும், யாருக்காவது ஆட்சேபம் இருந்தா சொல்லணும், அதுக்குத்தான் இந்த நோட்டீஸ். பொய்க் கையெழுத்து போட்டு, ரெண்டு வருஷம் கழிச்சு யாராவது கிளறினா எனக்கு ஒண்ணும் ஆகாது. இவங்க விசா போயிடும். புதுசா ஒட்டுவோம்."

"நாள் இருக்கா?" என்று டாக்டர் கேட்டார்.

விசா சார் நாட்காட்டியைத் திருப்பினார். இன்றே ஒட்டினால், சனி ஞாயிறு போக, 28 வெள்ளி சாயங்காலம் பத்து நாள் முடியும். 31 திங்கள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். இடையில் ஒரு நாள்கூடத் தப்பக் கூடாது.

ஒன்பதரைக்குப் புதுத் தாள்கள் வந்தன, எங்கள் பலகைக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று. நூலகத்தில் பழையது அப்படியே இருந்ததாம். அங்கே என்னைப் போலச் சுறுசுறுப்பானவள் யாரும் இல்லை.

"இதுக்கு முத்திரை வேணாம்மா" என்றார் விசா சார்.

"வேணும் சார்." நாலு மூலையிலும் ஊதா முத்திரை குத்தினேன்.

மார்ச் 18, செவ்வாய்

தாள் இருக்கிறது. டாக்டர் பின்பக்க மாடிப்படியில் ஏறிப் போகிறார்.

மார்ச் 19, புதன்

தாள் இருக்கிறது. இன்றும் பின்பக்க மாடிப்படி. டீ வேண்டாமாம்.

மார்ச் 20, வியாழன்

கிட்டார்க்காரன் சரியாக அந்தத் தாளின் மேலேயே குத்தியிருந்தான். வெள்ளிக்கிழமை வரை பொறுக்கவில்லை. தேடிக் கண்டுபிடித்து, "உனக்குக் கத்துக்குடுக்க ஆள் கிடைக்காம இல்ல, எடம் பாத்து ஒட்டத் தெரியல" என்று சொல்லிக் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 22, சனி

எறும்புக்குச் சீனித் தண்ணீர் வைக்கப் போனேன். டாக்டர் அங்கேதான் இருந்தார். மேஜைமேல் ஒரு தாளில் பட்டியல் எழுதியிருந்தார், எந்தப் பெட்டி யாருக்கு என்று. மூன்றாம் பெட்டிக்கு நேரே ஒன்றும் எழுதவில்லை.

"நீங்க எடுத்துக்குவீங்களா?" என்றார். என்னைப் பார்க்காமல்.

"எடுத்துக்க மாட்டேன். எங்க வீட்ல மருந்துக் கோடு."

சிரிக்கவில்லை. நானும்தான். பஞ்சை மாற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன். நடையில் ஒரு பொட்டு தூசி இல்லை, ஆனாலும் மறுபடி கூட்டினேன்.

மார்ச் 24, திங்கள்

இன்றைக்கு நடந்ததை எழுத ஒரு தாள் போதாது.

பெயின்ட்காரர்கள் வந்துவிட்டார்கள்! நடை முழுக்க வெள்ளை அடிக்க வேண்டுமாம், போன வருஷமே போட்ட உத்தரவாம். மேஸ்திரி ஏணியைச் சாத்திப் பலகையில் கை வைத்தார். நான் துடைப்பத்தோடு குறுக்கே நின்றேன்.

"இதைக் கழட்டணும்மா. நாளைக்கு மாட்டிடுவோம்."

"கழட்டினா ஒரு நாள் போச்சு. தொடாதீங்க."

"பின்னாடி சுவத்துக்கு எப்படி அடிக்கறது?"

"அடிக்க வேணாம். பின்னாடி யாரு பாக்கப் போறா? உங்க வீட்ல பீரோவுக்குப் பின்னாடி அடிச்சிருக்கீங்களா, சொல்லுங்க?"

யோசித்தார். "அடிக்கல."

"அப்புறம்?"

சத்தம் கேட்டுத் தலைவர் வந்தார், ஸ்டேப்ளர் வந்தார். மேஸ்திரி உத்தரவுத் தாளைக் காட்டினார். நான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "இதுல முத்திரை இல்லியே சார்?" தலைவர் வாயைப் பொத்திக்கொண்டு, "அம்மா சொல்றபடி செய்ங்க" என்றார்.

பலகையைச் சுற்றி ஓரம் பிடித்து அடித்தார்கள். நான் தாளுக்கு மேல் பாலிதீன் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றேன். கையை இறக்கும்போது பக்கத்தில் எறும்பு டாக்டர் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தாரோ.

"அக்கா, மூக்குல பெயின்ட்."

ஒரு வாரம் கழித்து அக்கா. அப்படியே விட்டுவிட்டேன், துடைக்கவில்லை.

மார்ச் 28, வெள்ளி

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பலகையைச் சுத்தம் செய்ய விசா சார், தலைவர், டாக்டர், ஸ்டேப்ளர் என்று ஒரு கூட்டமே கூடியது. ஐந்து மணி அடிக்கட்டும் என்று காத்திருந்தோம். நாலு ஐம்பத்தெட்டுக்கு ஸ்டேப்ளர் கையை நீட்டினார். தட்டிவிட்டேன்.

ஐந்துக்கு விசா சாரே கழற்றினார். ஒட்டிய தேதி, எடுத்த தேதி எழுதி உண்மையான கையெழுத்து. சாட்சி என்று ஒரு கோடு இருந்தது. "நீங்க போடுங்கம்மா" என்றார். தமிழில் போட்டேன். பேனா வழுக்கிக்கொண்டு ஓடியது.

மார்ச் 31, திங்கள்

காலையில் விண்ணப்பம் கையாலேயே கொண்டுபோகப்பட்டது. மத்தியானம் மூன்று பத்துக்கு ரசீது வந்தது. தேதி 31.

டாக்டர் ரசீதைப் பெட்டிகள் ஒவ்வொன்றுக்கும் காட்டினார். மூன்றாம் பெட்டி ராணி எட்டிப் பார்க்கவேயில்லை. இவ்வளவு பாடுபட்டது யாருக்காக!

ஏப்ரல் 11, வெள்ளி

பலகை: ஏழு தாள். ஒவ்வொன்றையும் ஸ்டேப்ளரிடம் காட்டி, "இது என்ன சொல்லுது?" என்று கேட்டுவிட்டுத்தான் எடுக்கிறேன். முன்பு பத்து நிமிஷ வேலை, இப்போது முக்கால் மணி. ஊரில் எவ்வளவு குடை தொலைகிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

பதில் இன்னும் வரவில்லை.

ஏப்ரல் 26, சனி

மூன்றாம் பெட்டியில் புது முட்டைகள். எண்ணப் பார்த்தேன், கண் வலித்தது. பதில் வரவில்லை.

மே 2, வெள்ளி

கொழுந்தன் தனி அறைக்குப் போய்விட்டான். இனி நீட்டிப்பு இல்லை. வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, சொன்னால் கூட்டி வந்துவிடுவார்.

மே 9, வெள்ளி

இன்றைய தாளில் இடம் குறைவு. நாலு மூலையிலும் டேப் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பேனா அதில் ஏற மறுக்கிறது. மூன்றாவது மாடிக் கடைசி அறைக் கதவில் இருந்த தாள். கழற்றும் முன் ஸ்டேப்ளரைக் கேட்டேன், தலைவரைக் கேட்டேன், விசா சாருக்கு போன் போட்டும் கேட்டேன். "எடுக்கலாம்மா, எடுங்க" என்று கொக்கு சிரித்தது, போனிலேயே கேட்டது.

இந்தப் பக்கம் நான். அந்தப் பக்கம் அவர் பெயர். கதவில் பித்தளைத் தகடு, ஸ்குரூ நாலு, நானே முடுக்கினேன்.